கண்காணிப்புக் கேமரா: படத்தர அமைப்புகள்

கண்காணிப்புக் கேமரா தான் காணும் காட்சியை எவ்வளவு தெளிவாக, எவ்வளவு வெளிச்சத்தில், எவ்வளவு விவரத்தோடு பதிய வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவை அதன் படத்தர அமைப்புகள். ரெசல்யூஷன், ஃபிரேம் ரேட், ஷட்டர், கெய்ன், எதிர்வெளிச்சச் சரிக்கட்டல், இரவுப் பார்வை, நிறம், கூர்மை, இரைச்சல் நீக்கம், வீடியோ சுருக்கமுறை, பிட்ரேட் ஆகியவை இவற்றில் முக்கியமானவை. கேமராவின் இணையப் பக்கத்திலோ, டி.வி.ஆர். அல்லது என்.வி.ஆர். எனப்படும் பதிவுப் பெட்டியின் மெனுவிலோ, செல்போன் செயலியிலோ இவற்றை மாற்றலாம்.

கேமரா மாட்டியவர் ஏணியை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது பெரும்பாலான கேமராக்கள் தொழிற்சாலை அமைப்பிலேயே இருக்கின்றன. பகலில் படம் பளிச்சென்று தெரிவதால் யாரும் அதைக் கேள்வி கேட்பதில்லை. ஏதாவது நடந்த பிறகுதான் குறை தெரிகிறது: ஆள் இருக்கிறார், முகம் இல்லை, வண்டி இருக்கிறது, எண் இல்லை. பதிவாகாத விவரத்தைப் பிறகு எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு தெளிவாக்கிய முகம் அந்த மென்பொருள் ஊகித்து வரைந்த முகம். குற்றவாளியின் முகம் அன்று. அதனால் இந்த அமைப்புகளை முன்கூட்டியே, அந்த இடத்தின் மிக மோசமான நேரத்தைக் கணக்கில் வைத்துச் செய்ய வேண்டும். முகப்புக் கேமராவுக்கு அது இரவு பதினொரு மணியாக இருக்கலாம். மேற்குப் பார்த்த கடைக்கு மாலை ஐந்து மணி.

வரலாறு

மூடிய சுற்றுத் தொலைக்காட்சியின் முதல் பயன்பாடுகளில் ஒன்று, 1942-ல் ஜெர்மனியின் பீனமுண்டவில் வி-2 ராக்கெட் ஏவுதலைப் பாதுகாப்பான தொலைவிலிருந்து பார்த்தது. பின்னாளில் வி.எச்.எஸ். நாடாவில் பதியும் முறை வந்தது. ஒரே நாடாவில் நாள் முழுவதையும் அடக்க, நொடிக்குச் சில ஃபிரேம்களை மட்டும் பதிந்தார்கள். தரத்தைக் குறைத்து நாட்களைக் கூட்டும் பேரம் அப்போதே தொடங்கிவிட்டது. டி.வி.ஆர். வந்த தொடக்க காலத்தில் பல பெட்டிகள் 352×288 அளவில் பதிந்தன. ஒரு படத்துக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் பிக்சல். 1996-ல் ஸ்வீடனின் ஆக்சிஸ் நிறுவனம் 'நெட்ஐ 200' என்ற முதல் நெட்வொர்க் கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. முழு அளவுப் படம் ஒன்றை அனுப்ப அதற்கு 17 நொடிகள் பிடித்தன. இன்று சாதாரணமாகக் கிடைக்கும் 1920×1080 கேமரா 20.7 லட்சம் பிக்சலையும், '4கே' எனப்படும் 3840×2160 கேமரா 83 லட்சம் பிக்சலையும் நொடிக்கு 25 முறை வரை தருகின்றன.

மீட்டருக்கு எத்தனை பிக்சல்

'எத்தனை மெகாபிக்சல்' என்பதுதான் கடையில் முதலில் கேட்கப்படும் கேள்வி. கேட்க வேண்டியது வேறு: நிற்கும் ஆளின் மேல் எத்தனை பிக்சல் விழுகிறது? ஐ.இ.சி. 62676-4 என்ற பன்னாட்டுத் தரநிலையின் 2014-ஆம் ஆண்டுப் பதிப்பு இதற்கு அளவு வைத்தது. காட்சியில் ஒரு ஆள் இருக்கிறார் என்று கண்டறிய மீட்டருக்கு 25 பிக்சல் போதும். முன்பே தெரிந்தவரை இன்னார் என்று உணர 125 வேண்டும். முன்பின் தெரியாத ஒருவரை ஐயமின்றி அடையாளம் காண 250 வேண்டும். 250 என்றால் ஒரு முகத்தின் குறுக்கே ஏறத்தாழ 40 பிக்சல்.

1920 பிக்சல் அகலமுள்ள படத்தை 250-ஆல் வகுத்தால் 7.68 மீட்டர் வரும். அதாவது, ஆள் நிற்கும் தொலைவில் அந்தக் கேமரா 7.68 மீட்டருக்கு மேல் அகலமாகப் பார்க்குமானால், அடையாளம் காணும் தரம் அங்கே கிடையாது. பரவலாக மாட்டப்படும் 2.8 மி.மீ. லென்ஸ், 1/2.8 அங்குல சென்சாரோடு சேரும்போது, ஐந்து மீட்டர் தொலைவில் பத்து மீட்டருக்குக் குறையாத அகலத்தைப் பார்க்கிறது. அங்கே மீட்டருக்கு 200 பிக்சல்கூடத் தேறாது. அதே இடத்தில் 4 மி.மீ. லென்ஸ் ஏழு மீட்டர் அகலத்தைப் பார்க்கும். மீட்டருக்கு ஏறத்தாழ 270 கிடைக்கும். தெரு முழுவதும் தெரியட்டும் என்று அகன்ற லென்ஸைக் கேட்டு வாங்குபவர், தம் வாசலில் நிற்பவரின் முகத்தை அதற்கு விலையாகக் கொடுக்கிறார். ஒரு கேமரா முழு வாசலையும் பார்க்க, இன்னொன்று கதவை மட்டும் நெருக்கிப் பார்க்க என்று இரண்டு வைப்பது, ஒரே ஒரு விலையுயர்ந்த கேமராவைவிட நல்ல ஏற்பாடு.

ஃபோகஸ் சரியில்லாவிட்டால் மெனுவில் எதை மாற்றியும் பயனில்லை. நிலையான லென்ஸ் உள்ள கேமராவில் மாற்ற ஒன்றுமில்லை. கண்ணாடியை மென்துணியால் துடைத்தாலே போதும், சிலந்தி வலையும் தூசியும் பல 'பழுதான' கேமராக்களின் உண்மையான கோளாறு. 2.8–12 மி.மீ. போன்ற மாறுகுவிய லென்ஸில் ஃபோகஸை இரவில், அகச்சிவப்பு விளக்கு எரியும்போது சரிபார்க்க வேண்டும். பகலில் லென்ஸின் துளை சுருங்கியிருப்பதால் சிறு பிழை மறைந்துவிடும். இரவில் துளை முழுதாகத் திறந்ததும் கூர்மையான பகுதியின் ஆழம் குறைகிறது. அகச்சிவப்பு ஒளி குவியும் இடமும் சற்றே விலகுகிறது. பகலில் கச்சிதமாக இருந்த படம் இரவில் மங்குவதற்கு இவை இரண்டும் காரணம்.

ஷட்டரும் கெய்னும்

ஒவ்வொரு ஃபிரேமுக்கும் சென்சார் எவ்வளவு நேரம் ஒளியை வாங்குகிறது என்பது ஷட்டர் நேரம். வாங்கிய மின்குறிப்பை எவ்வளவு பெருக்குகிறது என்பது கெய்ன். 'ஆட்டோ' அமைப்பில் விட்டால், வெளிச்சம் குறையக் குறைய கேமரா ஷட்டரை நீட்டும், பிறகு கெய்னைக் கூட்டும். படம் வெளிச்சமாகத் தெரிவதே அதன் நோக்கம். அதற்காக அசையும் பொருளின் விவரத்தை விட்டுக்கொடுக்கத் தயங்காது.

மணிக்கு நாலரை கிலோமீட்டர் வேகத்தில் சாதாரணமாக நடக்கும் ஆள் நொடிக்கு 1.25 மீட்டர் நகர்கிறார். ஷட்டர் 1/25 நொடி என்றால் ஒரு ஃபிரேமுக்குள்ளேயே 5 செ.மீ. நகர்ந்துவிடுகிறார். மீட்டருக்கு 250 பிக்சல் உள்ள படத்தில் அது 12 பிக்சலுக்கும் மேலான இழுவல். கண்ணும் மூக்கும் ஒன்றோடொன்று கரைந்துவிடும். 1/100 நொடியில் அதே இழுவல் மூன்று பிக்சல். இரவுக் காட்சியில் நின்ற ஆளின் முகம் தெளிவாகவும் நடந்த ஆளின் முகம் புகையாகவும் இருந்தால் குற்றம் லென்ஸில் இல்லை, ஷட்டரில். ஆட்டோ அமைப்பை விடாமலே, ஷட்டர் நீளக்கூடிய எல்லையை 1/50 அல்லது 1/100 என்று கட்டுப்படுத்தப் பல கேமராக்களில் வழி உண்டு. படம் சற்று இருட்டும். அந்த இருட்டை ஒரு தெருவிளக்கோ வாசல் பல்போ சரிசெய்யும். கலங்கிய முகத்தைச் சரிசெய்ய எதுவும் இல்லை.

வண்டி எண் இன்னும் கடினம். மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் குறுக்கே போகும் வண்டி 1/25 நொடியில் 40 செ.மீ. நகர்கிறது. எண்ணெழுத்து தெளிவாகப் பதிய 1/500 அல்லது அதற்கும் குறைந்த நேரம் வேண்டும். அப்போது நகர்வு 2 செ.மீ. இரவில் அந்த ஷட்டரில் சாலை, மரம், ஆள் எல்லாமே கறுத்துப்போகும். ஒளியைத் திருப்பியனுப்பும் எண் பலகை மட்டும் அகச்சிவப்பு விளக்கில் வெள்ளையாக மிதக்கும். எண் படிக்கும் கேமரா அப்படித்தான் இருக்க வேண்டும். ஒரே கேமராவிடம் ஓட்டுநரின் முகத்தையும் எண்ணையும் இரவில் சேர்த்துக் கேட்பது பெரும்பாலும் இரண்டையும் இழப்பதில் முடிகிறது.

ஷட்டருக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். குழல்விளக்கும் மலிவான எல்.இ.டி. விளக்கும் நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகின்றன. ஷட்டர் 1/100-இன் மடங்காக இல்லாவிட்டால் படத்தில் கிடைமட்டப் பட்டைகள் ஓடும். மெனுவில் '50 ஹெர்ட்ஸ்' அல்லது 'பி.ஏ.எல்.' என்று இருப்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். வெளிநாட்டில் வாங்கிவந்த கேமராவில் இது 60-ல் இருப்பது வழக்கம்.

ஃபிரேம் ரேட்டைப் பொறுத்தவரை, வாசல், வராந்தா, கிடங்கு ஆகியவற்றுக்கு நொடிக்கு 12 முதல் 15 போதும். கல்லாப்பெட்டியில் கைமாறும் பணத்தைப் பார்க்க வேண்டுமானால் 25 நல்லது.

எதிர்வெளிச்சம்

மளிகைக் கடையின் உள்ளே, கல்லாவுக்குப் பின்னால், வாசலைப் பார்த்து ஒரு கேமரா இருக்கிறது. நண்பகல். வெளியே தார்ச்சாலையில் வெயில் கொதிக்கிறது. உள்ளே இரண்டு குழல்விளக்குகள். வாசலில் நுழைபவர் கேமராவின் கண்ணுக்கு முகமற்ற கறுப்பு உருவம். கேமரா ஒட்டுமொத்தக் காட்சியின் சராசரி வெளிச்சத்தைப் பார்த்து ஷட்டரைக் குறுக்கிவிட்டது. நிழலில் இருக்கும் முகம் பலியாகிவிட்டது. மனிதர்கள் நுழையும் இடத்தில்தான் முகம் கேமராவை நேராகப் பார்க்கும் என்பதால் இந்த ஒரு குறை மற்ற எல்லாக் குறைகளையும்விடப் பெரிய இழப்பு.

இதற்கு மூன்று தீர்வுகள் மெனுவில் உண்டு. பி.எல்.சி., அதாவது பேக்லைட் சரிக்கட்டல், காட்சியின் ஒரு பகுதியை மட்டும் கணக்கில் கொண்டு வெளிச்சத்தைக் கூட்டும். முகம் தெரியும், வெளியே எல்லாம் வெளுக்கும். எச்.எல்.சி., அதாவது ஹைலைட் சரிக்கட்டல், பளிச்சிடும் புள்ளிகளை அடக்கும்; வண்டியின் முகப்பு விளக்குக்கு அது உதவும். மூன்றாவதான டபிள்யூ.டி.ஆர்., அதாவது வைட் டைனமிக் ரேஞ்ச், ஒரே ஃபிரேமுக்கு நீண்டதும் குறுகியதுமான இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட படங்களை எடுத்து, வெயிலை ஒன்றிலிருந்தும் நிழலை மற்றொன்றிலிருந்தும் சேர்க்கிறது. அட்டைப்பெட்டியில் '120 டெசிபல்' என்று அச்சிட்டிருந்தால், மிக வெளிச்சமான பகுதிக்கும் மிக இருண்ட பகுதிக்கும் இடையே பத்து லட்சத்துக்கு ஒன்று என்ற விகிதத்தைச் சமாளிக்கும் என்று பொருள். 'டி-டபிள்யூ.டி.ஆர்.' அல்லது 'டிஜிட்டல் டபிள்யூ.டி.ஆர்.' என்று இருந்தால் அது வேறு: எடுத்த ஒரே படத்தின் நிழலை மென்பொருளால் தூக்கிக் காட்டுவது மட்டுமே.

டபிள்யூ.டி.ஆரை எல்லா இடத்திலும் போட்டுவைப்பது தவறு. வெளிச்ச வேறுபாடு இல்லாத இடத்தில் அது படத்தைச் சாம்பல் பூத்ததுபோல் ஆக்கும். இரவில் இரைச்சலை, அதாவது படத்தில் துள்ளும் புள்ளிகளை, கூட்டும். வேகமாக அசையும் கைக்கு நிழல் கை முளைக்கும். பகல், இரவு என்று நேர அட்டவணை வைக்கும் வசதி இருந்தால் பகலுக்கு மட்டும் போடலாம். அதற்கும் முன்னால், கேமராவை வாசலின் பக்கவாட்டுச் சுவருக்கு மாற்ற முடியுமா என்று பார்ப்பது நல்லது.

இரவுப் பார்வை

வெளிச்சம் ஒரு அளவுக்குக் கீழே போனதும் 'டிக்' என்ற ஒலியோடு சென்சாரின் முன்னிருக்கும் அகச்சிவப்புத் தடுப்பு வடிகட்டி விலகும், படம் கறுப்பு வெள்ளையாகும், அகச்சிவப்பு எல்.இ.டி.கள் எரியும். பெரும்பாலானவை 850 நானோமீட்டர் ஒளியைத் தருபவை. அருகில் பார்த்தால் மங்கிய சிவப்பு தெரியும். 940 நானோமீட்டர் கண்ணுக்கே தெரியாது, ஆனால் சென்சார் அதைக் குறைவாகவே உணர்வதால் எட்டும் தொலைவு குறைவு. மாலையில் வடிகட்டி முன்னும் பின்னுமாக மாறிக்கொண்டே இருந்தால், மாறும் எல்லையையோ காத்திருக்கும் நொடிகளையோ கூட்ட வேண்டும்.

அகச்சிவப்புப் படத்தில் உடையின் நிறத்தை நம்பக் கூடாது. கறுப்புச் சாயம் ஏறிய சில துணிகள் அகச்சிவப்பைத் திருப்பியனுப்புவதால் வெளிர்நிறமாகப் பதிவாகின்றன. 'வெள்ளைச் சட்டை போட்டவர்' என்று பதிவைப் பார்த்துச் சொல்வது தவறான ஆளைத் தேட வைக்கும். நிறம் முக்கியமான இடத்தில் வெள்ளை விளக்கு வேண்டும். எஃப்/1.0 லென்ஸ் எஃப்/2.0 லென்ஸைவிட நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. இரவிலும் வண்ணப்படம் தருவதாக விற்கப்படும் கேமராக்களின் அடிப்படை பெரிய துளையும் சிறு வெள்ளை விளக்கும்தான்.

கேமராவுக்கு அருகில் சுவரோ கூரை விளிம்போ கொடியோ இருந்தால் அகச்சிவப்பு அதில் பட்டுத் திரும்பும். கேமரா அதைக் கண்டு மொத்தக் காட்சியையும் இருட்டாக்கும். ஸ்மார்ட் ஐ.ஆர். என்ற அமைப்பு விளக்கின் வலிமையைக் குறைத்து ஓரளவு சமாளிக்கும். கேமராவை ஒரு சாண் நகர்த்துவது முழுதாகச் சமாளிக்கும்.

நிறம், கூர்மை, இரைச்சல்

பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட், சாச்சுரேஷன் ஆகியவை வழக்கமாக 0 முதல் 100 வரையிலான அளவுகோலில் 50-ல் நிற்கும். அவற்றை அதிகம் தொட வேண்டியதில்லை. கூர்மையைக் கூட்டினால் விளிம்புகளைச் சுற்றி வெள்ளைக் கோடு வருமே தவிர, புதிய விவரம் வராது. இரைச்சல் நீக்கம் கவனத்துக்குரியது. அடுத்தடுத்த ஃபிரேம்களை ஒப்பிட்டுச் இரைச்சல் புள்ளிகளை அழிக்கும் '3டி டி.என்.ஆர்.' அளவு மீறினால், நடக்கும் ஆளின் பின்னால் வால் நீளும், முகம் மெழுகியதுபோல் ஆகும். அசையாத அறையை மட்டும் பார்த்து இதைச் சரிசெய்பவர் ஏமாந்துபோவார். யாரையாவது காட்சியின் குறுக்கே நடக்கச் சொல்லி, பதிவை நிறுத்திப் பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

சுருக்கமும் பிட்ரேட்டும்

1920×1080 படத்தை நொடிக்கு 25 முறை சுருக்காமல் சேமித்தால் சில நிமிடங்களிலேயே பல ஜிகாபைட் நிரம்பிவிடும். அதனால் எச்.264 (2003), எச்.265 (2013) ஆகிய சுருக்கமுறைகள் பயன்படுகின்றன. அவ்வப்போது ஒரு முழுப் படத்தை எழுதி, இடையில் மாறியதை மட்டும் குறித்துக்கொள்வது இவற்றின் அடிப்படை. முழுப் படத்துக்கு ஐ-ஃபிரேம் என்று பெயர். அதன் இடைவெளியை இரண்டு நொடி அளவில் வைப்பது வழக்கம். மிக நீட்டினால், நெட்வொர்க்கில் ஒரு தரவுத் துண்டு தொலைந்தாலும் அடுத்த ஐ-ஃபிரேம் வரும்வரை படம் சிதைந்தே இருக்கும். எச்.265 அதே தரத்தை ஏறத்தாழ பாதி இடத்தில் தர வல்லது. பழைய பெட்டிகளிலும் சில கணினிகளிலும் அது திறக்காது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

படத்தின் உண்மையான தரத்தைத் தீர்மானிப்பது பிட்ரேட்: நொடிக்கு எத்தனை பிட் செலவழிக்கலாம் என்ற வரம்பு. எச்.264-ல் 1080 வரிப் படத்துக்கு நொடிக்கு 2 முதல் 4 மெகாபிட் வரை தேவைப்படும். முப்பது நாள் பதிவு வேண்டும், ஹார்ட் டிஸ்க் சிறியது என்று சிலர் இதை 512 கிலோபிட்டுக்கு இறக்கிவிடுகிறார்கள். மெனு அப்போதும் '1080' என்றே காட்டும், மானிட்டரில் அசையாத காட்சி ஒழுங்காகவே தெரியும். ஒருவர் ஓடும் நொடியில் அவர் மட்டும் கட்டம் கட்டமாக உடைந்துபோவார். எது மாறுகிறதோ அதற்குத்தான் பிட் தேவை. எது மாறுகிறதோ அதுதான் நமக்கும் தேவை.

இரவில் இது மேலும் சிக்கலாகிறது. கெய்ன் கூடியதும் படமெங்கும் இரைச்சல் துள்ளுகிறது. சுருக்கமுறைக்கு இரைச்சலும் அசைவும் ஒன்றே. இருக்கும் பிட் எல்லாம் இரைச்சலை வரைவதற்கே போய்விட, முகத்துக்கு மிஞ்சுவதில்லை. இரவுப் படம் களிமண்போல் இருந்தால் பலர் கேமராவை மாற்றுகிறார்கள். பல இடங்களில் கெய்னுக்கு எல்லை வைத்து, ஒரு விளக்கைக் கூட்டி, பிட்ரேட் வரம்பை உயர்த்தினாலே சரியாகிவிடும். மாறா பிட்ரேட் அமைதியான நேரத்தில் இடத்தை வீணாக்குகிறது, பரபரப்பான நேரத்தில் தரத்தைக் குறைக்கிறது. உச்சவரம்போடு கூடிய மாறும் பிட்ரேட்டே பெரும்பாலான இடங்களுக்குப் பொருத்தம்.

சேமிப்பு நாட்கள்

நொடிக்கு 1 மெகாபிட் என்பது நாளொன்றுக்கு 10.8 ஜிகாபைட். இந்த ஒரு எண்ணை வைத்தே எல்லாக் கணக்கையும் போடலாம். 2 மெகாபிட்டில் எட்டு கேமராக்கள் முப்பது நாள் பதிய 5.2 டெராபைட் வேண்டும். 1 டெராபைட் டிஸ்கில் ஆறு நாளைக்கும் குறைவான பதிவே நிற்கும். 2020 டிசம்பர் 2 அன்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம், நாட்டின் ஒவ்வொரு காவல் நிலையத்திலும் இரவுப் பார்வையும் ஒலிப்பதிவும் உள்ள கேமராக்கள் வேண்டும் என்றும், பதிவு 18 மாதம், அந்த வசதியுள்ள கருவி கிடைக்காவிட்டால் குறைந்தது ஓராண்டு, இருக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. 2 மெகாபிட் கணக்கில் 18 மாதத்துக்கு ஒரு கேமராவுக்கு மட்டும் ஏறத்தாழ 12 டெராபைட் ஆகிறது.

அதே ஆண்டு ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தந்தையும் மகனும் தாக்கப்பட்டு இறந்த வழக்கில், விசாரிக்கச் சென்ற கோவில்பட்டி நீதித்துறை நடுவர் உயர் நீதிமன்றத்துக்கு அளித்த அறிக்கை, கருவியில் 1 டெராபைட் இடம் இருந்தும் பதிவு நாள்தோறும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததைக் குறிப்பிட்டது. டி.வி.ஆர். மெனுவில் டிஸ்க் நிறைந்ததும் பழையதன்மேல் எழுதும் 'ஓவர்ரைட்' ஒன்று. டிஸ்கில் இடம் இருந்தாலும் குறித்த நாள் கடந்ததை அழிப்பது வேறொன்று. இரண்டாவது எத்தனை நாளில் நிற்கிறது என்பதைப் பொறுப்பில் இருப்பவர் நேரில் பார்த்து உறுதிசெய்ய வேண்டும்.

செல்போனில் தெரியும் படம்

பெரும்பாலான கேமராக்கள் குறைந்தது இரண்டு ஓடைகளை அனுப்புகின்றன. பதிவுக்குப் போகும் மெயின் ஸ்ட்ரீம் முழுத் தரம். செல்போனுக்கும் பல கட்டங்களாகப் பிரித்த மானிட்டருக்கும் போகும் சப் ஸ்ட்ரீம் குறைந்த தரம். 'போனில் மங்கலாக இருக்கிறது' என்ற புகாரில் பெரும்பாலும் பதிவு நன்றாகவே இருக்கும், செயலியில் எச்.டி.க்கு மாற்றினால் தெரியும். இதன் மறுபக்கம் ஆபத்தானது: சில பெட்டிகளில் சப் ஸ்ட்ரீம் மட்டும் பதியும்படி தவறுதலாக அமைந்திருக்கும். நேரலையைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. பழைய பதிவை ஓடவிட்டே பார்க்க வேண்டும்.

படத்தர மெனுவிலேயே தனியுரிமை மறைப்பும் இருக்கும். 83 லட்சம் பிக்சல் கேமரா நம் வாசலோடு எதிர்வீட்டு ஜன்னலையும் அதே துல்லியத்தில் பதிகிறது. அந்த இடத்தைக் கட்டமிட்டு மறைத்துவிட வேண்டும்.

பதிவை எடுத்துக் கொடுத்தல்

கேமரா நன்றாகப் பதிந்த படத்தைக் கடைசிக் கட்டத்தில் கெடுப்பது மானிட்டரைச் செல்போனால் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் பழக்கம். மானிட்டரின் மினுமினுப்பும், போனின் சுருக்கமும், வாட்ஸ்அப்பின் மறுசுருக்கமும் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறுகின்றன. பெட்டியிலிருந்து யு.எஸ்.பி. வழியாக மூலக்கோப்பை எடுத்து, அதை இயக்கும் மென்பொருளையும் சேர்த்துக் கொடுப்பதே சரி. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்ற இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவோடு தரப்படும் சான்றிதழில் கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் ஹாஷ் மதிப்பும் குறிக்கப்பட வேண்டும். கோப்பை மறுசுருக்கம் செய்தால் அந்த மதிப்பு மாறிவிடும். படத்தின் மூலையில் ஓடும் தேதியும் நேரமும் இதற்கு இணையான முக்கியத்துவம் உள்ளவை. பெட்டியின் பேட்டரி தீர்ந்து கடிகாரம் பின்தங்கியிருப்பது அடிக்கடி காணப்படும் குறை. இணைய நேரத்தோடு ஒத்திசைக்கும் என்.டி.பி. வசதியை இயக்கி, நேர மண்டலத்தை +5:30 என வைத்தால் அது தீரும்.

ஃபர்ம்வேர் புதுப்பித்த பிறகும், ரீசெட் செய்த பிறகும் அமைப்புகள் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடலாம். பெரும்பாலான கேமராக்களில் அமைப்பு முழுவதையும் ஒரு கோப்பாக வெளியே எடுத்துவைத்து, தேவைப்படும்போது திரும்ப ஏற்றிக்கொள்ளலாம்.